காவிரிப் படுகையில் கச்சேரிப் பியானோ: தடை ஈரமா, ஆசிரியரா?

மாயவரம்மணி | அக்டோபர் 19, காலை 7.40

என் கட்சியை முதலில் வைத்துவிடுகிறேன், அப்புறம் எல்லாரும் சேர்ந்து அடிக்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் வட்டாரத்திலிருந்து மேடைப் பியானோ கலைஞர் வரப்போவதில்லை. பிள்ளைகளுக்கு ஞானம் இல்லை என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? நாகஸ்வரமும் தவிலும் வீணையும் விளைந்த மண். ஆனால் பியானோ என்பது மரம், கம்பளி, எஃகுக் கம்பி. ஐப்பசி, கார்த்திகையில் மூன்றும் கெடும். கருவி நிற்காத ஊரில் கலைஞர் எங்கிருந்து வருவார்?

கேள்விக்குக் காரணம் உண்டு. கும்பகோணம் பக்கம் ஒரு பெண் பிள்ளை, ஒன்பது வயது, கீபோர்டில் மூன்றாம் கிரேடு முடித்தாயிற்று. பெரிய மேடை ஆசை. பழைய அப்ரைட் (சுவரோரம் செங்குத்தாக நிற்கும்) பியானோ ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறேன்.

ட்யூனிங்சாவி | அக்டோபர் 19, மதியம் 1.15

சிங்கப்பூரும் கொழும்பும் கொச்சியும் வறண்ட ஊரா? அங்கெல்லாம் பியானோ நிற்கிறது. ஈரம் செலவு வைக்கும், அவ்வளவுதான்.

கருப்புவெள்ளை | அக்டோபர் 19, இரவு 9.05

பியானோ வாங்குவதைப் பேசுமுன் ஒரு விஷயம். கீபோர்டு மூன்றாம் கிரேடும் பியானோ மூன்றாம் கிரேடும் ஒன்றல்ல. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வில் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனிப் பாடத்திட்டம். அதில் இடது கை பெரும்பாலும் கார்டு (பல சுரம் ஒன்றாக) பிடிக்கும். தாளத்தையும் பக்கவாத்தியத்தையும் இயந்திரம் போட்டுவிடும். பியானோவில் இடது கைக்குத் தனிப் பாட்டு உண்டு. பாஹின் இரண்டு குரல் இன்வென்ஷன் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 22 பார் (தாளக் கட்டம்) தான். வலது கை தொடங்கியதை இடது கை அரை பார் தள்ளி அப்படியே திருப்பிச் சொல்லும். கீபோர்டில் நன்றாக வாசிக்கும் பிள்ளை இங்கே நாலாவது பாரிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று அழுத்தம். சாதாரணக் கீபோர்டுக் கட்டைக்கு அடியில் ரப்பர்தான். பியானோவில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுத்தியலை எறிய வேண்டும். ரப்பரில் மூன்று வருஷம் பழகிய விரல், முட்டி உள்வாங்கி, நகம் தட்டி வாசிக்கும். அதைத் திருத்த ஆறு மாதம் போகும். ஒன்பது வயதில் திருத்தலாம். பதினாலில் பிள்ளை அழும், அப்பா சண்டைக்கு வருவார்.

கொள்ளிடம்தெற்கு | அக்டோபர் 19, இரவு 11.30

பியானோ பக்கத்துல ஒரு அரிசி மூட்டை போட்டு வச்சா ஈரத்தை இழுத்துக்காதா? நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?

ட்யூனிங்சாவி | அக்டோபர் 20, காலை 6.50

மூட்டை வைத்தால் எலிதான் வரும். அப்ரைட்டின் கீழ்ப்பலகைக்குள் கூடு கட்டி, சுத்தியல் கம்பளியைப் பிய்த்து மெத்தை போட்டுக்கொள்ளும். சிலிகா ஜெல் பொட்டலமும் வேண்டாம். அந்த அளவு காற்றுக்குக் கிலோக்கணக்கில் வேண்டும், அதுவும் இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும்.

சரி, ஈரம் என்ன செய்கிறது என்று முறையாகச் சொல்கிறேன். பியானோவுக்கு ஒத்த ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். இங்கே மழைக்காலத்தில் 80ஐத் தாண்டும். சவுண்ட்போர்டு ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த பெரிய பலகை, நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும். ஈரம் ஏறினால் மேடு உயரும், மேலே இருக்கும் கம்பியைத் தள்ளும், சுருதி ஏறும். எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடுப்பகுதி அதிகம் ஏறும், அடிப்பகுதி அவ்வளவாக ஏறாது. அதனால் தனக்குள்ளேயே அபசுரம். சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்து திரும்பவும் இறங்கும். சுமார் 230 கம்பி, மொத்த இழுவிசை பதினெட்டு டன் பக்கம். இப்படி வருஷாவருஷம் ஏறி இறங்கினால் கம்பி முறுக்கும் முளைகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை, அதாவது பின் பிளாக், தளரும். அதுதான் உண்மையான சாவு. மற்றதெல்லாம் சளி, காய்ச்சல்.

கட்டை ஒட்டுவது, அழுத்தினால் மேலே வராதது, இதுதான் முதல் புகார். கட்டையின் துளைக்குள் இருக்கும் துணி ஊதி, பின்னைக் கவ்விக்கொள்கிறது. அதற்கென்று இடுக்கி இருக்கிறது. துணியை மெல்ல நசுக்கினால் விடும். எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், ஸ்பிரே எதுவும் கூடாது. துணி ஊறி இன்னும் ஊதும், அப்புறம் 88 கட்டைக்கும் துணி மாற்ற வேண்டிவரும்.

மாயவரம்மணி | அக்டோபர் 20, காலை 9.20

இவ்வளவையும் படித்தால் என் கட்சி இன்னும் பலமாகத்தானே தெரிகிறது?

நீடாமங்கலம்ஜங்ஷன் | அக்டோபர் 20, மாலை 5.00

ஏசி போட்டால் தீராதா? அல்லது உள்ளே 40 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டால்? பழைய பங்களாக்களில் அப்படித்தான் செய்வார்கள் என்று கேள்வி.

ட்யூனிங்சாவி | அக்டோபர் 20, இரவு 8.40

ராத்திரி மட்டும் ஏசி என்பது இருப்பதிலேயே மோசம். ராத்திரி 50, பகலில் 85, தினமும் ஒரு ஏற்ற இறக்கம். நிலையான 70, அலையும் 50ஐவிட மேல். ஏசி ஓடாத அறையாகவே இருக்கட்டும்.

பல்பு சமாசாரம் பாதி சரி. உள்ளே மிதமான சூடு இருந்தால் ஈரம் குறையும். ஆனால் பல்பு ஓரிடத்தை மட்டும் காய்ச்சும். சவுண்ட்போர்டுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தால் அந்த இடத்தில் விரிசல் விழும். பஞ்சும் தூசியும் இருக்கும் பெட்டிக்குள் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. இப்போது 25 முதல் 50 வாட் வரை நீளமான சூட்டுக் கம்பி வருகிறது. ஈரமானியோடு சேர்த்து, ஈரம் ஏறினால் ஓடும், இறங்கினால் நிற்கும். ஈரமானி இல்லாமல் வருஷம் பூரா ஓடவிட்டால் சித்திரையில் பலகை பிளந்துவிடும். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். முற்றம் வைத்த வீடானால் முற்றத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கொள்ளிடம்தெற்கு | அக்டோபர் 20, இரவு 10.10

முற்றம் இருக்குற வீட்டுலதான் பியானோ வைக்க இடமே இருக்கு. ஃபிளாட்டுல கட்டிலுக்கு மேலயா வைக்கறது?

சுருதிப்பெட்டி | அக்டோபர் 22

மேற்கத்திய சங்கீதம் நமக்குப் புதுசு என்கிற மாதிரி பேச்சு போகிறது. சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையான காலத்திலேயே தஞ்சாவூர் அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியக்குழு வாசித்தது. மேற்கத்திய இசைக்குறிப்பு ஏடுகள் சரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. திருவாரூர்க்காரரான முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுக்களுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் போட்டு நோட்டுஸ்வரம் செய்தார், எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில். பியானோ தொடங்கும் பிள்ளைக்கு அவற்றைவிட நல்ல முதல் பாடம் உண்டா? மெட்டு ஏற்கெனவே காதில் இருக்கும், கமகம் கிடையாது, இடது கைக்கு எளிய கார்டு போதும்.

நம் பிள்ளைகளுக்கு இரண்டு சாதகம். ஒன்று, மனப்பாடம். வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடிய பிள்ளைக்கு நாலு பக்கம் மனப்பாடம் பெரிய விஷயமில்லை. இரண்டு, தாளம். பாதகம் காது. தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம் 14 சென்ட் கூடுதல். ஓர் அரை ஸ்வரம் 100 சென்ட். நல்ல காதுள்ள பிள்ளை முதல் வாரத்திலேயே “க ஏறியிருக்கு” என்று சொல்லும். கருவி சரியாகத்தான் இருக்கிறது, சம இடைவெளிச் சுருதி அப்படித்தான் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ட்யூனரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள்.

ட்யூனிங்சாவி | அக்டோபர் 22

திட்டுவார்கள். ஆமாம்.

கருப்புவெள்ளை | அக்டோபர் 23, இரவு

சுருதிப்பெட்டி சார் சொல்லும் மனப்பாடச் சாதகத்துக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. கேட்டே கற்ற பிள்ளை, பார்த்து வாசிக்கும் முன்பே மனப்பாடம் செய்துவிடும். நோட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கும், கண் அங்கே இருக்காது. ஐந்தாம் கிரேடு வரை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதற்குமேல் ஒரு ஃபியூக் வந்தால் மூன்று, நாலு குரல் ஒரே சமயத்தில் போகும். கேட்டுப் பிடிக்க முடியாது. மேடைக் கலைஞருக்கு இரண்டு வாரத்தில் புது கான்செர்ட்டோ (வாத்தியக்குழுவோடு வாசிக்கும் பெரிய உருப்படி) தயார் செய்யும் நிலை வரும். வாசிப்பு வேகம் இல்லாதவர் அங்கேயே கழன்றுவிடுவார்.

வழி இருக்கிறது. தினமும் பதினைந்து நிமிடம், தன் கிரேடுக்கு இரண்டு படி கீழே உள்ள, முன்பின் பார்த்திராத பக்கம். ஒருமுறைதான் வாசிக்க வேண்டும். தப்பினாலும் நிற்கக்கூடாது. மறுநாள் வேறு பக்கம். வாசிக்கும்போது விரலைப் பார்க்காமலிருக்க மடியில் ஒரு துண்டை விரித்து, கைக்கு மேல் மூடிவிடலாம். பன்னிரண்டு வயதுக்குமேல் பாஹின் நாலு குரல் கோரல்கள் (தேவாலயப் பாடல்கள்): மூன்று குரலை வாசித்து, நாலாவதைப் பாட வேண்டும். பாடத் தெரிந்த தஞ்சாவூர்ப் பிள்ளை இதில் மற்ற ஊர்ப் பிள்ளைகளை முந்திவிடும்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் ஒரு மணி நேரம் போதும், இரண்டாகப் பிரித்து. பன்னிரண்டில் இரண்டு மணி. பதினைந்தில் மூன்று, நாலு. அதற்குமேல் உட்கார்ந்தால் விரலுக்குக் கேடு. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். வரிசை: கிளெமென்டி சொனாட்டினா, பாஹ் இன்வென்ஷன், ஹைடன் சொனாட்டா, பிறகு பாஹின் 48 பிரிலூட்-ஃபியூகில் எளியவை, அதற்கப்புறம்தான் ஷோபின் எட்யூட் (விரல் பயிற்சிக்கான கடின உருப்படி). எட்யூடை முன்னால் இழுத்துப் போட்டு யூட்யூபில் போடுவது மணிக்கட்டைக் கெடுக்கும் வழி.

மாயவரம்மணி | அக்டோபர் 24

ஈரம் கிடக்கட்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள்? எட்டாம் கிரேடுக்குமேல் கொண்டுபோகும் ஆசிரியர் பெரும்பாலும் சென்னையில்தான். ரயிலில் போக ஆறேழு மணி, வர ஆறேழு மணி. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

நீடாமங்கலம்ஜங்ஷன் | அக்டோபர் 24

வியட்நாமின் டாங் தாய் சன்? குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் வயலோரக் கிராமத்தில், காகிதத்தில் கட்டை வரைந்து பழகி, 1980இல் வார்சா ஷோபின் போட்டியில் முதல் பரிசு. ஆசியாவிலிருந்து முதல் ஆள். அந்த ஊரும் நெல் வயல், மழை, சேறு. நம்மைவிட ஈரம். மனசு இருந்தால் மார்க்கம்.

கருப்புவெள்ளை | அக்டோபர் 24, இரவு

காகிதக் கட்டையை மட்டும் சொன்னால் கதை கெட்டுவிடும். அவர் அம்மா தாய் தி லியென், பிராகில் படித்த பியானோக் கலைஞர். ஹனோய் இசைப்பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். போரில் அந்தப் பள்ளியே கிராமத்துக்கு இடம் பெயர்ந்தது. ஆசிரியர் வீட்டிலேயே இருந்தார். 1977இல் மாஸ்கோ கன்சர்வேட்டரிக்கு (இசைக்கல்லூரிக்கு) டாங் தாய் சன் போனார், மூன்று வருஷம் கழித்துத்தான் பரிசு. 2021இல் அதே போட்டியில் வென்ற புரூஸ் லியு இவருடைய மாணவர். ஆக, கருவி மோசமாக இருந்தும் வந்தார். ஆசிரியர் மோசமாக இருந்து வந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி | அக்டோபர் 25

சோவியத் பியானோ மேதை ரிக்டர். 22 வயது வரை முறையான ஆசிரியரே இல்லை. 1937இல் மாஸ்கோவுக்கு, ஆசிரியர் நெய்ஹவுஸிடம் போனார்.

கருப்புவெள்ளை | அக்டோபர் 25

அப்பா ஆர்கன் வாசிப்பவர். பையன் ஒடெஸா ஓபராவில் பாடகர்களுக்குப் பயிற்சி வாசித்தவன். தினமும் முழு ஓபரா ஸ்கோரைப் பியானோவில் இறக்கி வாசிப்பது வேலை. அதுவே ஒரு பள்ளிக்கூடம். நம் ஊரில் அதற்கு ஈடு என்றால், பெரிய நாகஸ்வர வித்வான் வீட்டில் பிறந்து, தினம் கோயில் சேவகம் வாசித்தவர் “நான் குருகுலம் போகவில்லை” என்று சொல்வது.

கொள்ளிடம்தெற்கு | அக்டோபர் 25, நள்ளிரவு

அந்த ரிக்டர் மனுஷன் 1986ல யமஹா பியானோவ வண்டில ஏத்திக்கிட்டு சைபீரியா பூரா சுத்தி, அரங்கமே இல்லாத சின்ன ஊர்லயெல்லாம் வாசிச்சாராமே. நம்மளும் ஒரு டாடா ஏஸ்ல ஏத்தி வலங்கைமான், குடவாசல், நன்னிலம்னு கல்யாண மண்டபமா அடிச்சா என்ன?

ட்யூனிங்சாவி | அக்டோபர் 26, காலை

விளையாட்டாகச் சொன்னாலும் செய்யக்கூடிய காரியம்தான். கணக்கு இது. அப்ரைட் 200 முதல் 250 கிலோ, நாலு ஆள், பட்டை பெல்ட். அடியில் இருக்கும் சின்னச் சக்கரத்தை நம்பித் தள்ளாதீர்கள். தரைக் கல் உடையும், இல்லாவிட்டால் கால் உடையும். பியானோவின் முதுகுப் பக்கத்தை வண்டியின் பக்கவாட்டில் சாய்த்துக் கட்ட வேண்டும், படுக்க வைக்கக்கூடாது. மண்டப மேடையில் வைத்து இரண்டு மணி நேரமாவது ஊர்க்காற்றுக்குப் பழகவிட்டு, பிறகு ட்யூனிங். இடைவேளையில் இன்னொரு முறை மேல் ஸ்தாயி மட்டும் பார்க்க வேண்டும்.

மண்டபத்தில் மூன்று எதிரிகள். சீலிங் ஃபேன்: காற்று வெட்டி வெட்டி வருவதால் நீண்ட சுரம் அதிர்கிற மாதிரி கேட்கும், நோட்டுத் தாளும் பறக்கும். டைல்ஸ் தரை: எதிரொலி கொட்டும், ஜமக்காளம் விரியுங்கள், ஆள் நிரம்பினால் பாதி சரியாகிவிடும். மூன்றாவது ஜெனரேட்டர். பந்திக் கட்டுப் பக்கம் கதவை மூடச் சொல்லியும் யாரும் மூட மாட்டார்கள்.

கருப்புவெள்ளை | அக்டோபர் 28

கச்சேரிப் பியானோ கலைஞர் என்றால் என்ன வாழ்க்கை என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் கருவி வாங்கச் சொல்வது நியாயமில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக.

பதினாறு, பதினேழில் கன்சர்வேட்டரி நுழைவு. முதலில் வீடியோ அனுப்ப வேண்டும், தேறினால் நேரில். கேட்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் இதுதான்: ஒரு பாஹ் பிரிலூட்-ஃபியூக், ஒரு கிளாசிக்கல் சொனாட்டா, ஒன்றிரண்டு எட்யூட் (அதில் ஒன்று ஷோபின்), ஒரு பெரிய ரொமான்டிக் உருப்படி. எல்லாம் மனப்பாடமாக. எட்டாம் கிரேடில் மூன்று துண்டு வாசித்துச் சான்றிதழ் வாங்கியது இதற்குப் போதாது. எட்டுக்கு மேலே ஏ.டி.சி.எல்., எல்.டி.சி.எல். என்று டிரினிட்டி டிப்ளமோக்கள் உண்டு. அவற்றில் அரை மணிக்கு மேல் தொடர்ந்து வாசிக்க வேண்டும். ஏ.டி.சி.எல். நன்றாகத் தேறினால் நுழைவுத் தேர்வுக்கு முயலலாம்.

பணம். பிலடெல்பியாவின் கர்ட்டிஸில் 1928 முதல் யாருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை, ஆனால் வாசல் ஊசியின் காது மாதிரி. ஜெர்மனியில் பெரும்பாலான மாநில இசைக்கல்லூரிகளில் கட்டணம் சொற்பம். பாடென்-வூர்ட்டெம்பெர்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ. ஜெர்மன் மொழி படித்தாக வேண்டும். புடாபெஸ்டின் லிஸ்ட் அகாடமிக்கு ஹங்கேரி அரசின் உதவித்தொகை வழியாக இந்தியர்கள் விண்ணப்பிக்கலாம். இளங்கலை, முதுகலை இரண்டும் முடிய ஐந்தாறு வருஷம்.

பிறகு போட்டிகள். ஷோபின் போட்டி 1927இல் தொடங்கியது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, வயது 16 முதல் 30. மற்ற பெரிய போட்டிகளும் முப்பதை ஒட்டிக் கதவை மூடிவிடும். பரிசுப் பணத்தைவிட முக்கியம் அதோடு வரும் கச்சேரிகள். அமெரிக்காவின் கிளைபர்ன் போட்டியில் வென்றவருக்கு மூன்று வருஷம் கச்சேரி ஏற்பாடு செய்து தருகிறார்கள், அதுதான் அசல் பரிசு. முகவர் கிடைத்தால் ஒவ்வொரு கச்சேரிப் பணத்திலும் 15, 20 சதவீதம் அவருக்கு. வாத்தியக்குழுக்கள் ஒன்றரை, இரண்டு வருஷம் முன்னாலேயே தேதி போட்டுவிடும். என்ன கான்செர்ட்டோ என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். ஒத்திகை ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான்.

வயலின்காரர் தன் வயலினோடு போவார். பியானோக்காரர் அந்த ஊர்ப் பியானோவில்தான் வாசிக்க வேண்டும். சிமர்மான், ஹோரோவிட்ஸ் மாதிரி சொந்தக் கருவியோடு போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெரிய ஸ்டைன்வே டி 274 சென்டிமீட்டர், 480 கிலோ, யார் தூக்குவது? அதனால் மாலை கச்சேரி என்றால் மதியம் அரை மணி கருவியோடு உட்கார்ந்து, எந்தக் கட்டை கனம், எந்த இடத்தில் பெடல் தாமதமாக விடுகிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப வாசிப்பை மாற்ற வேண்டும். இங்கே ஒட்டுகிற கட்டையில் வளர்ந்த பிள்ளைக்கு இது ஒன்றும் அதிர்ச்சியாக இருக்காது!

உருப்படிகளைக் கைவசம் வைத்திருப்பதும் வேலைதான். போர்ச்சுகல் பியானோ கலைஞர் மரியா ஜுவாவ் பிரெஸ் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பொது ஒத்திகைக்கு உட்கார்ந்தார். வாத்தியக்குழு தொடங்கியது அவர் எதிர்பார்க்காத மொசார்ட் டி மைனர் கான்செர்ட்டோ. அவர் தயாராக வந்தது வேறு கான்செர்ட்டோ. தொடக்க வாத்தியப் பகுதி ஓடும் நேரத்துக்குள் மனசுக்குள் தேடி எடுத்து, முழுசும் மனப்பாடமாக வாசித்து முடித்தார்.

நீடாமங்கலம்ஜங்ஷன் | அக்டோபர் 28

கை வலி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

கருப்புவெள்ளை | அக்டோபர் 29

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர். 1964இல் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் தானாக மடங்க ஆரம்பித்தன. தசை வலி இல்லை, நரம்புக் கட்டளையின் கோளாறு. முப்பது வருஷத்துக்குமேல் இடது கைக்கான உருப்படிகள் வாசித்தார், வாத்தியக்குழு நடத்தினார், பாடம் சொன்னார். தொண்ணூறுகளில் போடாக்ஸ் சிகிச்சை எடுத்து இரண்டு கையோடு திரும்பினார். இடது கை உருப்படிகள் இவ்வளவு இருப்பதே முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் கேட்டு எழுதி வாங்கியதால். ராவெலின் இடது கை கான்செர்ட்டோ அவருக்காக எழுதியது.

பிள்ளைக்குப் பார்க்க வேண்டியவை: முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்கிறதா, கால் தரையில் படுகிறதா. படாவிட்டால் மணை போடுங்கள். தோள் ஏறினால் நிறுத்துங்கள். வாசித்த மறுநாள் காலையில் விறைப்பு இருந்தால் அது எச்சரிக்கை.

வருமானத்தையும் ஒளிக்கக்கூடாது. தனிக் கச்சேரியை மட்டும் நம்பி வாழ்பவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். மீதிப் பேர் கற்பிப்பது, பாடகருக்கும் வயலினுக்கும் பக்கம் வாசிப்பது, கல்லூரிப் பணி. அது தோல்வி இல்லை, தொழிலின் பெரும்பகுதியே அதுதான்.

சுருதிப்பெட்டி | அக்டோபர் 30

டிசம்பர் சீசனில் மதியம் பன்னிரண்டு மணிக் கச்சேரிக்குப் பைசா வாங்காமல், சொந்தக் காசில் பட்டுப்புடவை எடுத்துப் பாடுகிறார்களே நம் பிள்ளைகள். இது அதைவிட மோசமா என்ன?

மாயவரம்மணி | நவம்பர் 2

ஆசிரியர் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கருப்புவெள்ளை | நவம்பர் 2, இரவு

வாரம் ஒருமுறை ஆன்லைன், மாதம் ஒருமுறை நேரில். அதற்குக் குறைந்தால் பத்தாம் வயதுக்குமேல் தாங்காது. ஆன்லைனில் இரண்டு கேமரா வேண்டும். ஒன்று மேலிருந்து கட்டை தெரிய, மற்றொன்று பக்கவாட்டில் மணிக்கட்டும் முழங்கையும் தெரிய. ஒற்றை கேமராவில் முகம் மட்டும் தெரிந்தால் அது பாடமில்லை, குசலம் விசாரிப்பு. ஜூமில் இரைச்சல் நீக்குவதை அணைத்து, அசல் ஒலியை விட வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட சுரத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். பலமும் மெதுவும் எப்படியும் சரியாகப் போகாது. அதனால் பாடத்துக்கு முந்தின நாள் தனியாகப் பதிவு செய்து அனுப்புங்கள். ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு வரட்டும்.

ட்யூனிங்சாவி | நவம்பர் 3

பழைய அப்ரைட் வாங்குமுன் பார்க்க வேண்டியது. கருவி எதுவும் வேண்டாம், பத்து ரூபாய் நாணயம் பத்து போதும்.

கீழ்ப்பலகையைக் கழற்றுங்கள், ஒரு ஸ்பிரிங்தான் பிடித்திருக்கும். எலிப் புழுக்கை, பூச்சிப் பொடி, துரு. மெல்லிய துரு பரவாயில்லை, செதில் செதிலாக இருந்தால் விடுங்கள். சவுண்ட்போர்டில் விரிசல் இருந்து, அதிராமல் இருந்தால் பொறுக்கலாம். கம்பி ஏறி நிற்கும் பிரிட்ஜில் விரிசல் என்றால் வேண்டாம். பிறகு நடுப்பகுதியில் ஒவ்வொரு கட்டையாக அடியுங்கள். ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி. மூன்றும் ஒன்றாமல் அலை அலையாகக் கேட்டால் சுருதி கலைந்திருக்கிறது, அது சகஜம். ட்யூன் செய்து ஒரு மாதத்துக்குள் பல சுரம் அப்படி ஆகிவிட்டது என்றால் பின் பிளாக் போய்விட்டது.

இப்போது நாணயம். ஒன்று 7.71 கிராம். வலது பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, நடு சி கட்டையின் நுனியில் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஆறில் இறங்காமல் ஏழில் மெல்ல இறங்கினால் சரியான எடை. பிறகு கட்டையை அழுத்தி, மூன்று நாணயம் மட்டும் வைத்து விடுங்கள். தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டும்.

நீடாமங்கலம்ஜங்ஷன் | நவம்பர் 3

தஞ்சாவூர் வீணை ஆசாரிகளிடம் பழுது பார்க்கக் கொடுக்கலாமா? மரவேலையில் அவர்களை மிஞ்ச ஆள் உண்டா?

ட்யூனிங்சாவி | நவம்பர் 4

வெளிப்பெட்டி, மேல்தகடு பெயர்ந்தது, கட்டையின் மேல் ஒட்டு, ஸ்டூல் கால்: தாராளமாக. பின் பிளாக், பிரிட்ஜ், சவுண்ட்போர்டு: வேண்டாம். வீணைக் குடத்துக்குப் பலா. அந்தக் கணக்கு வேறு. பதினெட்டு டன் இழுக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஒலி போய்விடும்.

மாயவரம்மணி | நவம்பர் 9

போய்ப் பார்த்தாயிற்று. எலி இல்லை, துரு லேசு. நடு சி இறங்க ஒன்பது நாணயம் ஆயிற்று. மேலே வரும்போது ஒரு நாணயத்தைத்தான் தூக்குகிறது. விட்டுவிடச் சொல்லட்டுமா?

ட்யூனிங்சாவி | நவம்பர் 9, மாலை

அவசரப்படாதீர்கள். கூட்டிப் பாதி எடுங்கள்: ஒன்பதும் ஒன்றும் பத்து, பாதி ஐந்து. நல்ல பியானோவில் ஏழும் மூன்றும் பத்து, பாதி அதே ஐந்து. ஆக, சுத்தியலின் எடையும் கட்டையின் சமநிலையும் சரியாக இருக்கின்றன. இப்போது கழித்துப் பாதி எடுங்கள்: நல்லதில் இரண்டு, இதில் நாலு. உராய்வு இரண்டு மடங்கு. மழைக்காலத்தில் துணி ஊதியிருக்கிறது, வேறொன்றுமில்லை. இடுக்கியால் தீரும். கூட்டிப் பாதி ஆறு, ஏழு என்று வந்திருந்தால்தான் விடச் சொல்லியிருப்பேன்.

கருப்புவெள்ளை | நவம்பர் 9, இரவு

அதுவரை பிள்ளை சும்மா இருக்கக்கூடாது. 88 கட்டை, சுத்தியல் எடை, மூன்று சென்சார் உள்ள டிஜிட்டல் பியானோ ஒன்று வேண்டும். மூன்று சென்சார் இருந்தால் கட்டை முழுசாக மேலே வருமுன்பே மறு அடி விழும். கிராண்டில் (கிடைமட்டமாகக் கிடக்கும் பெரிய பியானோவில்) எரார் 1821இல் காப்புரிமை வாங்கிய இரட்டை விடுபடு பொறி செய்யும் வேலை அது, அப்ரைட்டில்கூட இல்லை. பெடல் சதுரப் பொத்தானாக இல்லாமல், பாதி மிதித்தால் பாதி கேட்கும் வகையாக இருக்கட்டும். 12 வோல்ட் அடாப்டர்தான், மின்வெட்டில் இன்வெர்ட்டர் தாங்கும். விடியற்காலையில் ஹெட்போன் போட்டு ஸ்கேலும் பார்த்து வாசிப்பதும் இதில். ஒலியின் தரத்துக்கும் பெடலுக்கும் அப்ரைட். இரண்டும் சேர்ந்தால் பதினைந்து வயது வரை கவலையில்லை.

கொள்ளிடம்தெற்கு | நவம்பர் 10

ஆக மணி அண்ணே, கட்சி மாறியாச்சா?

மாயவரம்மணி | நவம்பர் 10

முப்பது வயதுக்குள் வார்சா போய் நிற்கட்டும், அப்போது மாறுகிறேன். இப்போதைக்குப் பேரம் நடக்கிறது. வண்டி எப்போது ஏற்றலாம்?

ட்யூனிங்சாவி | நவம்பர் 11, காலை 6.30

மழை ஓயட்டும், மார்கழி பாதிக்குமேல் ஏற்றுங்கள். தார்ப்பாய் போட்டு மூடி, ஈரத் துணியால் துடைக்காமல். வீட்டுக்கு வந்ததும் ட்யூனரைக் கூப்பிட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் அறைக் காற்றுக்குப் பழகட்டும். தை கடைசியில் முதல் ட்யூனிங். நெடுநாள் விட்ட கருவியாக இருந்தால் சுருதி அரை ஸ்வரம் இறங்கியிருக்கும். ஒரே மூச்சில் 440க்கு (நடு ஏ சுரத்தின் நிலையான அதிர்வெண்) ஏற்றினால் பழைய கம்பி அறும். முதலில் ஒரு சுற்று ஏற்றிவிட்டு, மாதம் கழித்து இரண்டாவது சுற்று. கட்டைத் துணியை நசுக்கும் வேலையை அந்த இரண்டாவது சுற்றில் செய்தால் போதும், பாதி கட்டை தானாகவே விட்டிருக்கும்.